அக்கா கடைக்கு ஒரு மதிப்பீடு

பூசான்
மார்ச் 9, 2003

தம்பி சுங்-கியுவுக்கு,

நானும் போராவும் நன்றாக இருக்கிறோம். என் இடது முட்டி மட்டும் மழை வருவதற்கு முந்தின நாளே சேதி சொல்லிவிடுகிறது. நீ எப்படி இருக்கிறாய்? மி-ரானுக்கு மசக்கை அடங்கியதா? வாய்க்குப் பிடித்ததைச் சாப்பிடச் சொல். உன் வாய்க்குப் பிடித்ததை அவள் தலையில் கட்டாதே.

"இந்தக் காலத்துல யாரும்மா கடுதாசி எழுதுறாங்க, போன் பண்ண வேண்டியதுதானே?" என்கிறாள் போரா. போனில் நீ "ம்", "சரிக்கா" இரண்டையும் தாண்டிப் பேசியதுண்டா? நீ பட்டாளத்தில் இருந்தபோது வந்த பழக்கம் இது. எழுத்தில்தான் உன் குரல் எனக்குக் கேட்கிறது. ஆனால் ஒன்று, இன்னும் ஆபீஸ் உறையிலேயே அனுப்புகிறாயே, சியோலுக்குப் போயும் உன் கஞ்சத்தனம் போகவில்லை பார்!

விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்துத் தையல் கடை தோ அம்மா, ஜேஜு தீவில் இருக்கும் மகனோடு போய் இருக்கப்போகிறாளாம். அவள் கடையை நான் எடுத்துக்கொண்டு நடுச்சுவரை உடைத்தால் இன்னும் ஆறு மேசை போடலாம். மத்தியானத்தில் சூப்புக்கும் சோற்றுக்கும் ஆட்கள் வெளியே வரிசையில் நிற்கிறார்கள், பார்க்கவே பாவமாக இருக்கிறது. ஆனால் கடையை விட்டுக்கொடுக்க தோ அம்மா உரிமைப் பணம் பெரிதாகக் கேட்கிறாள். அது எங்கே போகப்போகிறது, நாளைக்கு நான் கிளம்பும்போது அடுத்து வருகிறவளிடம் வாங்கிக்கொள்வேன். இந்தக் கட்டடத்தில் எல்லோரும் அப்படித்தான் வந்தோம்.

கையில் இருப்பது உன் அத்தான் பணம்தான். கப்பல் கட்டும் தளத்தில் சாரத்திலிருந்து விழுந்தாரே, அப்போது கொடுத்த நஷ்டஈடு. இத்தனை வருஷமாகத் தொடவில்லை. போரா படிப்புக்கு என்று வைத்தது. மே கடைசியில் அவர் திதி. எப்போதும்போல நீ வந்து அவருக்கு மது ஊற்று. அவர் படத்துக்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் பணத்தை எடுப்பேன்.

நீ நாள் முழுவதும் கட்டடங்களோடு மாரடிக்கிறவன். நல்லதா, கெட்டதா, ஒரு வார்த்தை எழுது.

அக்கா ஜோங்-இம்

---

சியோல்
மார்ச் 21, 2003

அன்புள்ள அக்கா,

உன் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நாங்கள் இருவரும் நலம். மி-ரானுக்கு இப்போது குளிர்ந்த நூடுல்ஸைத் தவிர எதுவும் இறங்குவதில்லை. அக்டோபரில் பிறக்குமாம். போராவிடம் சொல், மாமா அவளுக்கு ஒரு அடிமையைத் தயார் செய்துகொண்டிருக்கிறான் என்று.

கடை விஷயத்தில் அவசரப்படாதே. கட்டடத்தின் பதிவு எண், மனை எவ்வளவு, எத்தனை கடை, யார் எப்போது வந்தார்கள், சொந்தக்காரர் யார், எல்லாம் எழுது. முறையாகப் பார்த்துச் சொல்கிறேன்.

"உன் கம்பெனியில என்னதான்டா பண்றீங்க?" என்று போனமுறை கேட்டாயே. நல்ல இடத்தில் நிற்கும் பழைய கட்டடத்தைக் குறைந்த விலைக்கு வாங்குவோம். வாடகை கட்டுப்படியானால் வைத்துக்கொள்வோம். இல்லாவிட்டால் காலி செய்து, உயர்த்திக் கட்டி, விற்போம். பணம் போட்டவர்களுக்கு வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். அதற்கு ஏற்ற மாதிரி எங்களுக்கு இலக்கு. ஜூன் முடிவதற்குள் ஐந்து கட்டடம் வாங்கியாக வேண்டும். நான்கு முடிந்துவிட்டது. ஐந்தாவது கிடைக்காமல் எங்கள் பிரிவுத் தலைவர் பங் தூக்கமில்லாமல் அலைகிறார். அது கிடைத்தால் எனக்குப் பதவி உயர்வு என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறார்.

பிள்ளை பிறக்கும் வருஷம் அல்லவா, கிடைத்தால் நன்றாக இருக்கும்.

தம்பி சுங்-கியு

---

பூசான்
ஏப்ரல் 6, 2003

தம்பிக்கு,

உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். இந்தப் பொட்டலத்தில் உலர்ந்த கடற்பாசி வைத்திருக்கிறேன், பிள்ளை பெற்றபின் சூப் வைக்க. இப்போதே எடுத்து நீ தின்றுவிடாதே.

நீ கேட்டதையெல்லாம் போரா உட்கார்ந்து எழுதினாள். போட்டோவும் எடுத்தாள். நான்கு மாடியிலும் ஏறி ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தாள். சலவைக்கடைக்காரர், "என்னம்மா, வருமான வரியில வேலை கிடைச்சிருச்சா?" என்று அவளைக் கேலி செய்தாராம். "எங்க மாமா சியோல்ல பெரிய ஆளு, அவரு பாக்குறதுக்கு" என்றாளாம். உடனே அவர் எந்த வருஷம் வந்தார், ஒப்பந்தம் எப்போது முடிகிறது, எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார்.

சொந்தக்காரக் கிழவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மகன்கள் மூன்று பேரும் இப்போதே அடித்துக்கொள்கிறார்கள். யாராவது நல்ல விலை சொன்னால் மறுநாளே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள் என்று காவலாளி சொல்கிறார். இது எங்களுக்குள் இருக்கும் பேச்சு, வெளியே யாருக்கும் தெரியாது.

தோ அம்மா மே வரைக்கும் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்குள் சொல்லிவிடு.

அக்கா

---

சியோல்
ஏப்ரல் 28, 2003

அன்புள்ள அக்கா,

நலம்தானே? மி-ரானுக்கு வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது. எனக்கும்தான், ஆனால் அது பீர்.

போராவைப் பாராட்ட வேண்டும். அவள் எழுதியதை வைத்து ஆபீஸ் பழக்கத்தில் உனக்காக ஒரு பக்க மதிப்பீடே தயாரித்துவிட்டேன். அக்கா, நீ தங்கத்தின் மேல் உட்கார்ந்து சூப் ஊற்றிக்கொண்டிருக்கிறாய்! சுரங்க ரயில் வாசல் நடக்கிற தூரத்தில். அந்த மனையில் பன்னிரண்டு மாடி எழுப்ப அனுமதி உண்டு, நிற்பதோ நான்கு. இடத்தைப் பொறுத்தவரை கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் நான் ஒருமுறை பார்க்கிறேன், அதுவரை பணம் கொடுக்காதே.

வேடிக்கை என்னவென்றால், மேசைமேல் இருந்த அந்த மதிப்பீட்டைப் பங் எடுத்துப் படித்துவிட்டார். "யார் பார்த்த கட்டடம்யா இது?" என்றார். அக்காவுக்காகச் செய்தது என்றேன். "உங்க அக்காவுக்கு நம்ம ஆபீசுலயே ஒரு நாற்காலி போட்ரலாம் போலிருக்கே" என்று சிரித்துக்கொண்டே கையில் எடுத்துக்கொண்டு போனார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

திதிக்கு நிச்சயம் வருவேன். அத்தானுக்குப் பிடித்த அந்த அரிசி மதுவை நானே வாங்கி வருகிறேன்.

தம்பி

---

சியோல்
மே 24, 2003

அக்காவுக்கு,

நலமா? போரா நலமா? முட்டி எப்படி இருக்கிறது?

திதிக்கு வர முடியாது போலிருக்கிறது. ஆபீசில் ஒரு வேலை, விட்டுவிட்டு வர முடியாதது. மதுவுக்கும் பழத்துக்கும் பணம் அனுப்பியிருக்கிறேன். அத்தானிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. மழைக்காலம் வருவதற்குள் உன் கடை வாசல் கால்வாயைச் சுத்தம் செய்யச் சொல். பேரிக்காய் விலை ஏறிவிட்டது என்கிறார்கள், ஆப்பிளே வைக்கலாம். மி-ரான் உன்னை விசாரித்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சுங்-கியு

---

பூசான்
ஜூன் 8, 2003

தம்பிக்கு,

நாங்கள் சுகம். ஏன் இப்படி எழுதியிருந்தாய், மி-ரானோடு சண்டையா? இல்லை வயிறு சரியில்லையா?

திதி நல்லபடியாக முடிந்தது. நீ இல்லாததால் நானே ஊற்றினேன். கை நடுங்கி கொஞ்சம் மேசையில் சிந்திவிட்டது. "என்ன, உன் தம்பிக்கு இப்ப நம்மள விட ஆபீஸ்தான் பெருசாப் போச்சா?" என்று அவர் படத்திலிருந்து கேட்கிற மாதிரி இருந்தது. பிள்ளை பிறக்கப் போகிறது, உழைக்கத்தான் வேண்டும் என்று உனக்காக நான் வக்காலத்து வாங்கினேன்.

கடையைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. தோ அம்மாவோ தினமும் வந்து நிற்கிறாள். உன் கடிதத்தை மூன்று தரம் படித்துவிட்டு யோசித்தேன், அப்புறம் புரிந்தது. செத்துப்போன அத்தானின் பணம், அதில் தம்பிக்காரன் "செய்", "செய்யாதே" என்று வாய்வைத்தால் மரியாதை இல்லை என்று ஒதுங்கிவிட்டாய். ஒப்பந்தத்தில் ஏதாவது கெட்டது இருந்தால் நீ சும்மா இருந்திருப்பாயா? சின்ன வயதில் உறைந்த குளத்துப் பனியில் நான் கால் வைத்தால் தெருமுனையிலிருந்தே ஊரைக் கூட்டுகிற பையன் நீ. சத்தம் வரவில்லை என்றால் பனி கெட்டியாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

பணம் கொடுத்துவிட்டேன். சுவரை இடித்தாகிவிட்டது. சிவப்புப் பயறு போட்ட அரிசி அப்பம் செய்து நான்கு மாடிக்கும் கொடுத்தோம். சலவைக்கடைக்காரர் இரண்டு முறை வாங்கித் தின்றார். உன் பங்கைத் தனியாகப் பொட்டலம் கட்டிக் கடைக் குளிர்பெட்டியில் உறைய வைத்திருக்கிறேன். வந்தால் ஆவியில் சூடாக்கித் தருகிறேன்.

அக்கா

---

சியோல்
ஆகஸ்ட் 27, 2003

அக்காவுக்கு,

பதில் எழுத மிகவும் தாமதமாகிவிட்டது. உங்கள் நலத்துக்கு வேண்டுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஜூலையில் துணை மேலாளராக்கினார்கள்.

தோ அம்மாவுக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டாயா? அந்த அம்மாள் கடையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டா? கொஞ்சம் குறைத்துக் கொடுத்தாலும் பரவாயில்லை, கேட்டுப்பார். பணம் கையில் இருப்பது எப்போதும் நல்லது. போரா படிப்பு இருக்கிறது.

அறுவடைத் திருநாளுக்கு வர முடியாது.

சுங்-கியு

---

பூசான்
செப்டம்பர் 22, 2003

துணை மேலாளர் ஐயாவுக்கு அக்காவின் வாழ்த்துகள்!

எங்களுக்குச் சேதம் ஒன்றுமில்லை. புயலில் கடைப் பலகைதான் பறந்துபோய் எதிர்த்த செருப்புக்கடையில் விழுந்தது. செருப்புக்கடைக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "இனிமே உங்க சூப்பு எங்க கடையிலதான்" என்று சிரித்தார்.

ஆனாலும் உனக்கு என்ன ஆயிற்று? இடித்த சுவரைத் தோ அம்மா வந்து கட்டித் தருவாளா? அந்தப் பணம் ஜேஜுவில் அவள் மகனுக்கு ஆரஞ்சுத் தோட்டமாகிவிட்டது. துணை மேலாளர் ஆனதும் பயந்தாங்கொள்ளியும் ஆகிவிட்டாயா?

ஒரு சேதி. கிழவரின் மகன்கள் கட்டடத்தை விற்றுவிட்டார்கள். யாரும் கேள்விப்படாத ஏதோ ஒரு பெயரில் கம்பெனி வாங்கியிருக்கிறது. கோட்டுப் போட்ட பையன்கள் இரண்டு பேர் வந்து குனிந்து வணக்கம் சொல்லி, திருநாளுக்கு ஆளுக்கு ஒரு பெட்டி பேரிக்காய் கொடுத்துவிட்டுப் போனார்கள். இவ்வளவு மரியாதையான சொந்தக்காரரை நாங்கள் பார்த்ததே இல்லை. உனக்குத் தெரிந்தவர்களா என்று விசாரித்து எழுது.

மி-ரானை மாடிப்படியில் பார்த்து நடக்கச் சொல்.

அக்கா

---

பூசான்
பிப்ரவரி 20, 2004

தம்பிக்கு,

குழந்தை எப்படி இருக்கிறான்? கடற்பாசி சூப் தீர்ந்துவிட்டது என்று மி-ரான் போனில் சொன்னாள். அவளாவது போன் செய்கிறாள். அக்டோபரில் பிள்ளை பிறந்த சேதி எழுதியதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உன் சுகத்தை மி-ரான் வாயால்தான் தெரிந்துகொள்கிறேன்.

புதிய சொந்தக்காரர் எல்லோருக்கும் ஓலை அனுப்பிவிட்டார். ஜூன் முடிவதற்குள் காலி செய்ய வேண்டுமாம். இடித்துவிட்டுப் பன்னிரண்டு மாடி கட்டப்போகிறார்களாம். அட்வான்ஸ் திரும்பக் கிடைக்கும். உரிமைப் பணமா, அது நீங்கள் உங்களுக்குள் கொடுத்து வாங்கியது, எங்களுக்குத் தெரியாது என்கிறார்கள். இனி அடுத்து வருகிறவள் யார்? கடையே இல்லாத இடத்துக்கு எவள் வந்து எனக்குக் கொடுப்பாள்?

போரா முன்னால் அழக்கூடாது என்று வெங்காயத்தை நானே உரிக்கிறேன். சலவைக்கடைக்காரர் எங்கள் வாடகைக்காரர் சங்கத்துக்குத் தலைவர் ஆகியிருக்கிறார். சியோலுக்குப் போய்க் கம்பெனி வாசலில் நிற்கலாம் என்கிறார். சட்டம் என்ன சொல்கிறது? உனக்குத் தெரியாதது இல்லை. ஒரே ஒரு வரி எழுது, போதும்.

அக்கா

---

பூசான்
ஏப்ரல் 11, 2004

தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ இளைத்துவிட்டாய்.

போன புதன்கிழமை எங்கள் கட்டடத்துக்காரர்கள் எல்லோரும் பஸ் பிடித்து சியோலுக்கு வந்தோம். பேரிக்காய் கொடுத்த கம்பெனி வெறும் பெயர்ப்பலகைதானாம், பின்னால் ஒரு பெரிய கம்பெனி இருக்கிறதாம், சலவைக்கடைக்காரர் கண்டுபிடித்தார். கம்பெனிகள் நிறைந்த யெவிடோவில் பஸ் நின்றது. தெரு முழுக்க செர்ரிப் பூ. இறங்கிப் பார்த்தால், வாசல் கல்லில் உன் கடித உறையின் மூலையில் இருக்கும் அதே எழுத்து, அதே பச்சைச் சின்னம். பத்து வருஷமாக அந்த உறையைக் கிழிக்கிறேன், எனக்கா தெரியாது?

யாரிடமும் சொல்லவில்லை. தலையில் எல்லோரும் போராட்டச் சிவப்புத் துணி கட்டியிருந்தோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வெளியே வர ஆரம்பித்ததும் நான் துணியை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு கோஷப் பலகைக்குப் பின்னால் போனேன். உனக்கு அவமானம் வேண்டாம் என்றுதான். "என்னக்கா, இவ்வளவு தூரம் வந்துட்டு ஒளியுறீங்க?" என்று எங்கள் கட்டடத்து மருந்துக்கடைப் பெண் திட்டினாள்.

நீ மூன்று பேரோடு வந்தாய். என்னைப் பார்த்தாய். பார்க்கவில்லை என்று எழுதாதே, பார்த்தாய். உடனே ஷூ கயிறு கட்டுவதுபோலக் குனிந்தாய். நாங்கள் அந்தப் பக்கம் நகரும்வரை நிமிரவில்லை.

உன் ஷூவில் கயிறே இல்லை சுங்-கியு.

அக்கா

---

சியோல்
மே 16, 2004

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை.

உன் கட்டடம்தான் எங்கள் ஐந்தாவது. உனக்காக எழுதிய அந்தப் பக்கத்தைப் பங் நேரே கூட்டத்தில் வைத்துவிட்டார். சொந்தக்காரரின் மகன்கள் சண்டை போடுவதும் யாருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதும் போரா எழுதி அனுப்பியபடியே அதில் இருந்தன. போன வருஷம் மே முதல் வாரத்தில், ரகசியம் காப்போம் என்று எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். வெளியே ஒரு சொல் போனால் வேலை போகும், வழக்கு வரும்.

நான் எழுதாமல் விட்டால் நீ புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன். பேரிக்காய் விலையைப் பற்றிக்கூட ஒரு வரி எழுதுகிறவன் கடையைப் பற்றி மட்டும் எழுதவில்லையே, ஏதோ ஆபத்து என்று அக்கா நிறுத்திக்கொள்வாள் என்று நம்பினேன். கையெழுத்தையும் மீறவில்லை, அக்காவையும் காப்பாற்றிவிட்டேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உன் ஜூன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸ் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒரு போன் செய்திருக்கலாம். பதவி உயர்வும் பிறக்கப்போகிற பிள்ளையும் கண்முன்னால் நின்றன, செய்யவில்லை.

சட்டம் உன் பக்கம் இல்லை அக்கா. எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டேன். அந்த ஐந்தாவது கட்டடத்துக்குக் கிடைத்த ஊக்கத்தொகையை முழுவதும் இதோடு காசோலையாக வைத்திருக்கிறேன். நீ கொடுத்ததில் பாதிகூட இல்லை, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறேன்.

சந்திரக் கணக்கில் அத்தான் திதி இந்த வருஷம் ஜூன் நடுவில் வருகிறது. நான் வரட்டுமா? வந்து அவருக்கு மது ஊற்றட்டுமா?

சுங்-கியு

---

பூசான்
ஜூன் 6, 2004

தம்பி சுங்-கியுவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். குழந்தை உட்கார ஆரம்பித்துவிட்டானாமே, மி-ரான் சொன்னாள். சந்தோஷம்.

காசோலையை இதோடு திருப்பி வைத்திருக்கிறேன். கோபத்தில் இல்லை. அது எங்கள் கட்டடத்தை வாங்கியதற்காகக் கொடுத்த பணம். அதில் சலவைக்கடைக்காரர் கடையும் இருக்கிறது, மருந்துக்கடைப் பெண் கடையும் இருக்கிறது. அதை நான் மட்டும் எப்படி வாங்கிக்கொள்வது? அவர்களுக்கெல்லாம் இன்னும் தெரியாது. "உங்க மாமாகிட்ட கேட்டுப் பாரும்மா" என்று போராவிடம் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். தன் கையால் எழுதிக் கொடுத்ததுதான் இதற்கெல்லாம் காரணம் என்று போராவுக்குத் தெரிந்துவிட்டது. உன் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டேன், என் தப்பு. படித்துவிட்டு மடித்து உறைக்குள் வைத்தாள். மறுநாள் மாடி ஏறிப் போய் ஒவ்வொரு கடையிலும் சாமான் கட்ட உதவி செய்துவிட்டு வந்தாள்.

நீ சொல்லாததையும் நான்தான் தப்பாகப் படித்தேன். உன்மேல் அவ்வளவு நம்பிக்கை. அதற்கு யாரைக் குற்றம் சொல்வது? நான் உன் அக்கா, உன்னை வெறுக்க எனக்கு வராது. எப்போது வேண்டுமானாலும் வா, சோறு போடுகிறேன். ஆனால் திதிக்கு வராதே. அந்தப் பணம் என்னுடையதாக இருந்தால் எப்போதோ விட்டிருப்பேன். அது அவர் உயிரைக் கொடுத்து வந்த பணம். அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கே இன்னும் வார்த்தை கிடைக்கவில்லை. இந்த வருஷத்திலிருந்து போரா மது ஊற்றுகிறாள். அவள் கை நடுங்காது.

குழந்தையின் முதல் பிறந்தநாள் வரும்போது நான் எந்தக் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேனோ தெரியாது. அதனால் அத்தை போடும் தங்க மோதிரத்தை இப்போதே அனுப்புகிறேன். சின்னதுதான். பெரிதாக இருக்கிறது என்று மி-ரானை ஒரு பொய் சொல்லச் சொல்.

கடைக் குளிர்பெட்டியை நேற்று விற்றுவிட்டேன். தூக்க வந்த ஆள் அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, "இது என்னம்மா, கல்லு மாதிரி?" என்றான். சுவர் இடித்த அன்று உனக்கு எடுத்து வைத்த அப்பம். ஒரு வருஷமாகக் கிடந்திருக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை. ஆவியில் வைத்து நானும் போராவும் நின்றுகொண்டே சாப்பிட்டோம். நாற்காலியெல்லாம் முதல் நாளே போய்விட்டது.

கெட்டுப்போகவில்லை. நன்றாகத்தான் இருந்தது. உன் பங்கு இப்போது தீர்ந்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா ஜோங்-இம்